மஞ்சள் பலகையின் எழுத்துகள்

13 ஆகஸ்ட் 2006, ஞாயிறு

எழுத்து கோணலாக விழுவதற்கு என்னை நானே மன்னிக்க வேண்டும். தமிழ் எழுத்தும் இந்த நாட்டு எழுத்தும் வாசிக்க, எழுதப் பழகத் தொடங்கி ஏழு மாதம்தான்.

இன்று சுவிஸின் வலே மாநிலத்தின் வறண்ட பாறைப் பள்ளத்தாக்கில் மகள் மாலா மலைச் சைக்கிள் ஓடினாள். நான் சாப்பாட்டுப் பையுடன் பின்னால் நடந்தேன். ஒரு வளைவில் சைக்கிளின் முன்சில்லு கல்லில் சறுக்கி, பாதைக்குக் கீழே விழுந்து கிடந்தாள். கைபேசியில் மீட்புக்காரருடன் பிரெஞ்சில் கதைத்தபடியே என்னைக் கேட்டாள்.

"அப்பா, மேல மஞ்சள் பலகையில என்ன ஊர் எழுதியிருக்கு? எழுத்தெழுத்தாச் சொல்லுங்கோ."

ஏறிப்போய்ப் பதினொரு எழுத்தையும் கத்திச் சொன்னேன். ஒன்றிலும் பிழை விடவில்லை.

இறங்கி வந்ததும், "வாத்தியார் ஆயிட்டீங்கள்," என்று பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு, "என்ர காலை ஒருக்காத் தொடுங்கோ அப்பா," என்றாள்.

"தொட்டுக்கொண்டுதானே இருக்கிறன், பிள்ளை."

ஹெலிகொப்டர் அந்தப் பெயரை வைத்தே வந்தது. வாசித்துவிட்டேன் என்ற சந்தோஷம் இன்னும் போகவில்லை. வெட்கமாக இருக்கிறது. முள்ளந்தண்டைப் பற்றி ஒரு கிழமை போனபிறகே சொல்லலாம் என்றார் டொக்டர்.

அடுத்த ஞாயிறும் எழுதுவேன். 'மாலா கால்விரலை அசைத்தாள்' என்று எழுத வேண்டும். அந்த வரியைக் கொப்பியின் பின்பக்கத்தில் நாலு தரம் எழுதிப் பழகிவிட்டேன்.