நம் வீட்டில் எத்தனை ஓட்டு

அன்பு யசுனோரி, அம்மா எழுதுகிறேன். அப்பாவுக்கும் எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, ஃபுக்குவோக்காவில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன். மனசுதான் ஓரிடத்தில் நிற்கவில்லை. அறுவடை முடிந்தது, காக்கிப் பழங்களைத் தோல் சீவிக் கயிற்றில் வரிசையாகக் கட்டிக் காயப்போட்டேன், கரடி வந்து கீழ்வரிசையைத் தின்றுவிட்டுப் போனது, அதை விடு, சொல்ல வந்தது வேறு.

ஆளுங்கட்சியில் மறுபடி தலைவரை மாற்றிவிட்டார்கள், புதியவர் வந்த கையோடு தேர்தலையும் அறிவித்துவிட்டார். நம் எம்.பி. கத்தகிரி தலைவரோடு நிற்கும் சுவரொட்டியை இரண்டு வருஷத்தில் மூன்றாம் முறையாக அப்பா கிழித்துவிட்டுப் புதிதாக ஒட்டினார். எதிர்வீட்டு கென்சாகு பார்த்துவிட்டு, "தோக்குஜி அண்ணே, தலைவர் மூஞ்சிய மட்டும் ஆணியில மாட்டுங்க, பசை மிச்சமாகும்" என்றான். அப்பா சிரிக்கவில்லை. கூட்டணியில் இருந்த சின்னக் கட்சியும் விலகிவிட்டது, பத்து ஓட்டில் தோற்றாலும் தோற்பார்கள் என்று பேச்சு. முப்பத்தொரு வருஷமாக நம் ஊரில் கத்தகிரியின் ஆதரவாளர் சங்கத்துக்கு அப்பாதானே தலைவர், எந்த வீட்டில் எத்தனை ஓட்டு என்று முன்கூட்டியே அவர்தான் கட்சி அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும். நம் வீட்டில் மூன்று என்று சொல்லிவிட்டார். உன் பதிவு இன்னும் இந்த ஊரில்தானே இருக்கிறது, உன் வாக்காளர் அட்டை வந்ததும் முன்னோர் மாடத்தில் வைத்துக் கும்பிட்டார்.

எதிர்க்கட்சியில் நிற்கும் இகராஷியின் பெயரைத்தான் ஓட்டுச்சீட்டில் எழுதுவேன் என்று நீ போட்ட கடிதத்தை அரிசிப் பெட்டிக்குள் ஒளித்துவைத்திருந்தேன். அரிசி அளக்கும்போதெல்லாம் அதை இன்னும் அடியில் தள்ளினேன். நேற்று தாங்காமல் சொல்லிவிட்டேன். தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவர், "வரச் சொல்லு. எந்தப் பேர வேணா எழுதட்டும். ஆனா இங்க வந்து எழுதட்டும்" என்றார். அப்புறம் அலுவலகத்துக்குப் போன் போட்டு, அந்தப் பக்கம் இருப்பவருக்குத் தெரியாது என்றாலும் குனிந்து குனிந்து வணங்கி, நம் வீட்டில் இரண்டுதான் என்று திருத்தினார். முப்பத்தொரு வருஷத்தில் இதுதான் முதல் திருத்தம்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை ஓட்டுப் போடக் கட்டாயம் வா. மலைப்பாதைப் பேருந்தை ஒரு நாளைக்கு ஒன்றாகக் குறைத்துவிட்டார்கள், காலை பத்து மணிக்குத் தவறவிட்டால் நடைதான். போன வாரம் அந்த இகராஷி அதே பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள், ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போய்வருகிறீர்கள் அம்மா என்று கேட்டாள். கத்தகிரி ஒருநாளும் கேட்டதில்லை.

நீ நோய்நொடி இல்லாமல் நீண்டநாள் இருக்க வேண்டும். கம்பளிச் சட்டையை மறக்காதே. அப்பா சொன்ன இரண்டிலும் ஒன்று குறையும், அதை நான் அவரிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்லும்போது நீ பக்கத்தில் இரு.

உன் அம்மா,
தொமிக்கோ