தப்பைத் தேடிய வகுப்பு

அன்புள்ள டீச்சர்,

சுற்றுச்சுவரில் ஏறிக் கிடந்த கோவைக்கொடியை இன்று காலை பிடுங்கிப் போட்டேன். கையெல்லாம் பச்சை வாடை. சோப்புப் போட்டும் போகவில்லை. கோவை இலையையும் அடுப்புக்கரியையும் அரைத்துக் கரும்பலகைக்குப் பூசுவோமே, அதே வாடை. அதோடு நீங்களும் வந்துவிட்டீர்கள். நீங்கள் வந்தால் என் சந்தேகமும் கூடவே வரும். நீங்கள் காலமாகி ஒரு வருடம் ஆகப்போகிறது, அது மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.

திருப்புலிவனத்தைத் தாண்டி பஸ்ஸை விட்டு இறங்கி, வரப்பில் நடந்து போகிற பள்ளிக்கூடம். ஆசிரியர்கள் நாம் இரண்டே பேர். தலைமை ஆசிரியை என்ற பட்டம் எனக்கு. சின்ன வகுப்புகளை நான் வைத்துக்கொண்டு, நாலையும் ஐந்தையும் உங்களிடம் கொடுத்தேன். நடுவில் ஒரு மூங்கில் தட்டி. நீங்கள் அந்தப் பக்கம் மூச்சு விட்டால் இந்தப் பக்கம் கேட்கும்.

வந்த அன்றே உங்களைப் பிடிக்காமல் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். நம்பவில்லை, அவ்வளவுதான். கோயில் பிரசாதத்தைக்கூட முகர்ந்து பார்த்து வாயில் போடுகிறவள் நான். உங்கள் மாமா யாரோ பெரிய இடத்தில் இருக்கிறார், அவர் தயவில் கிடைத்த வேலை என்று உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டிலேயே என் காதில் விழுந்திருந்தது. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை என்பதும், அந்தச் சம்பளத்தில்தான் உங்கள் வீட்டில் உலை கொதிக்கிறது என்பதும் பிறகுதான் தெரிந்தது.

மதியச் சோறு சாப்பிட்டதும் என் பிள்ளைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துவிடும். அதட்டினாலும் கண் திறக்காது. உங்கள் பக்கமோ அந்த நேரத்தில் "தப்பு டீச்சர், தப்பு!" என்று ஓடு அதிரும். தட்டியின் சந்து வழியாகப் பார்த்தேன். பன்னிரண்டு ஆறு எழுபத்து நாலு என்று பலகையில் எழுதியிருந்தீர்கள். நெற்றியில் தட்டிக்கொண்டு, "அட ஆமாம்ல!" என்று அழித்தீர்கள். மறுநாள் பாலாறு கிழக்கிலிருந்து மேற்கே ஓடியது. வசமாக மாட்டினாள் மாமா சிபாரிசு என்று நினைத்துக்கொண்டேன்.

கேட்டதற்குச் சிரித்தீர்கள். "வேணும்னேதான் போடறேன் டீச்சர். எங்க தப்பு வரும்னு பார்த்துக்கிட்டே இருந்தா தூக்கம் வராது பாருங்க." நல்ல சமாளிப்பு என்றுதான் எனக்குப் பட்டது.

அதற்குத் தோதாக இன்னொன்றும் நடந்தது. பாலாற்றோடு இன்னும் இரண்டு ஆறுகள் வந்து கூடுகிற இடம் பழையசீவரம் என்று சொல்லிக் கொடுத்தீர்கள். யாரும் வாய் திறக்கவில்லை. கன்னியம்மா என்ற பெண் அத்தை வீட்டுக்குப் போய்வந்து, "எங்க அத்த ஊரு திருமுக்கூடல் டீச்சர். ஆறு அங்கதான் கூடுது. பழையசீவரம் எதிர்க்கரையில கீது" என்றாள். "கண்டுபிடிக்க இத்தனை நாளா?" என்றீர்கள், சட்டென்று. ஆனால் உங்கள் முகம் சிவந்ததை நான் சந்து வழியாகப் பார்த்துவிட்டேன்.

கன்னியம்மாவின் அப்பா ஒருநாள் கழனியிலிருந்து சேற்றுக்காலோடு வந்து நின்றார். "இன்னா டீச்சர், புது டீச்சருக்குக் கணக்கே வராதாமே? நான்தான் திருத்தி வுட்டேன்னு எம் பொண்ணு வூட்ல சிரிச்சிக்கினு கீது. அவங்களே தப்பா போட்டா எங்க புள்ளைங்க இன்னாத்த கத்துக்கும்?" ஊர் கூடி மனு எழுதிப் போட்டது. விசாரிக்க இன்ஸ்பெக்டர் வருவதாகத் தகவல் வந்தது. வேலை போனால் அடுத்த மாதம் என்ன செய்வது என்று பஸ்ஸில் என்னிடம் கேட்டீர்கள்.

அவர் வந்ததும் சோற்று வேளைக்குப் பிறகுதான். ஒரு பெரிய வகுத்தல் கணக்கைப் பலகையில் தானே போட்டு முடித்துவிட்டுத் திரும்பினார். ஒரு பிள்ளைகூடத் தூங்கவில்லை. எல்லாரும் பலகையை முறைத்துக்கொண்டிருந்தார்கள். கன்னியம்மா எழுந்தாள்.

"நல்லாத் தேடிப் பார்த்தோம் சார். தப்பு கெடைக்கல."

"தப்பை எதுக்கும்மா தேடறே?"

"எங்க டீச்சர் தெனம் ஒண்ணு போடுவாங்க சார்."

போச்சு என்று நினைத்தேன். அவர் உங்களைப் பார்த்துவிட்டு அவளிடமே கேட்டார்: "உங்க டீச்சர் வேணும்னு போடறாங்களா, தெரியாம போடறாங்களா?"

"அது தெரியாது சார். அதனாலதான் பாத்துக்கினே கீறோம்."

அவர் சிரிக்கவில்லை. வெளியே வந்து என்னிடம், "இந்த நேரத்துல முழிச்சிருக்கிற வகுப்பை இன்னிக்குத்தாம்மா பார்க்கறேன். ஆனாலும் எனக்குச் சந்தேகமாத்தான் இருக்கு" என்றார். எனக்கும்தான் சார் என்று வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். உங்கள் வேலை தப்பியது. பின்னால் நிரந்தரமும் ஆயிற்று.

அந்தப் பழையசீவரம் உண்மையில் தெரியாமல் வந்ததுதானே என்று எத்தனை முறை கேட்டிருப்பேன்! கடைசியாகப் படுக்கையில் உங்களைப் பார்த்தபோதும் கேட்டேன். "நீங்களே கண்டுபிடிங்க டீச்சர்" என்று சொல்லி, இருமலுக்கு நடுவிலும் சிரித்தீர்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. வெளியே வந்து அழுதேன்.

ஒன்றை மட்டும் நான் உங்களிடம் சொன்னதில்லை. நீங்கள் மாற்றலாகிப் போனபின் உங்கள் வகுப்பு என் கைக்கு வந்தது. இரண்டாம் வருடத்துக்குள் உங்களிடம் படித்த கன்னியம்மா கூட்டமெல்லாம் ஐந்து முடித்துப் போயிருந்தது. உட்கார்ந்திருந்தவர்கள் நான் ஒன்றாம் வகுப்பிலிருந்து வளர்த்த பிள்ளைகள். சோற்று வேளைக்குப் பிறகு கண்கள் சொருக ஆரம்பித்தன. உங்கள் வித்தையைத்தான் செய்து பார்ப்போமே என்று, ஏழு எட்டு ஐம்பத்து நாலு என்று பெரிதாக எழுதினேன். எழுதிவிட்டுத் திரும்பி நின்றேன். யாராவது கத்துவார்கள் என்று காத்திருந்தேன்.

ஒருவரும் கத்தவில்லை. குனிந்தார்கள். பலப்பம் கீறும் சத்தம் மட்டும் கேட்டது. ஏழு எட்டு ஐம்பத்து நாலு என்று எல்லாரும் அழகாக எழுதி முடித்து, நான் பார்ப்பதற்காகப் பலகைகளைத் தூக்கிக் காட்டினார்கள்.

உலகத்தில் யாரையும் நம்பாத என்னை, அந்தப் பிள்ளைகள் அப்படி நம்பியிருந்தார்கள், டீச்சர்.