சத்தம் போடாத கதவு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீ அங்கே உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல், வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நன்றாக இருக்க வேண்டும், அது போதும் எனக்கு. இங்கே நாங்கள் மூன்று பேரும் இருக்கிறோம். நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை, அதனால் இருக்கிறோம் என்று எழுதியிருக்கிறேன். போனிலேயே சொல்லிவிடலாம்தான், ஆனால் போன் மணி அடித்தாலே உன் மகள் சில்வண்டு என் மடியில் ஏறி உட்கார்ந்துகொள்கிறாள், அவளை வைத்துக்கொண்டே அவளைப் பற்றி எப்படிப் பேசுவது. ஏழு வயதில் நாலைந்து வார்த்தைதான் பேசுகிறாள் என்றால் காதும் கேட்காது என்று அர்த்தமா. அதனால் கடையில் சாவி வெட்டுகிற மெஷினை நிறுத்திவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

போன வாரம் நீ கேட்டாய், பேசாம அவள ஹாஸ்டல்ல சேத்துடலாமாப்பா, இந்த மாதிரி பிள்ளைங்களுக்குன்னே ஒண்ணு இருக்காமே என்று. நான் பதில் சொல்லாமல் அங்கே குளிர் எப்படி, உன் இருமல் எப்படி என்று ஏதேதோ பேசினேன். அப்பாவுக்குக் கோபம் என்று நினைத்திருப்பாய். கோபம் இல்லை அம்மாடி, சரி என்கிற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது, அந்தப் பயத்தில்தான் பேச்சை மாற்றினேன். உன் தங்கையின் கையில் அவள் கடித்த காயம் இன்னும் ஆறவில்லை, மருந்துக் கடையில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறாள், என்ன ஆச்சு என்று கேட்கிறவர்களிடம் நாய் கடித்தது என்று சொல்ல மனம் வரவில்லையாம், அக்கா மகள் கடித்தாள் என்று சொல்ல வாய் வரவில்லையாம். பள்ளியில் சில்வண்டு தண்ணீர் பாட்டிலை வீசியதில் இன்னொரு பிள்ளைக்குப் புருவத்தில் தையல் போட வேண்டியதாகிவிட்டது. தலைமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டுச் சொன்னார், இன்னொரு தடவை இப்படி நடந்தா நீங்க வேற இடம்தான் பாக்கணும், மத்த பிள்ளைங்களுக்கும் நான் பதில் சொல்லணும் இல்லையா என்று. அவரைத் தப்புச் சொல்ல முடியவில்லை, திட்டியிருந்தால்கூட நான் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். வீட்டுக்கு வந்து அவளை அடித்துவிட்டேன். உங்கள் இரண்டு பேரையும் ஒரு நாளும் கை நீட்டி அடிக்காதவன், கன்னத்தில் அடித்தேன். அவள் அழவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தன் கையால் அதே கன்னத்தில் தானும் ஒரு அடி அடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து என் கையைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

இதெல்லாம் எங்கே ஆரம்பித்தது என்று உனக்குச் சொல்ல வேண்டும், அதற்குத்தான் இந்தக் கடிதம். நீ வேலைக்காக அங்கே போனபிறகு அவள் வாசல் கதவின் தாழ்ப்பாளை ஆட்ட ஆரம்பித்தாள். நான் குளிக்கப் போனாலும் சரி, தங்கை துணி காயப்போட மாடிக்குப் போனாலும் சரி, உடனே ஓடிப்போய் லொடக் லொடக்கென்று ஆட்டுவாள், கதவைத் திறப்பாள், மூடுவாள். கீழ்வீட்டுத் தையல்காரர் மேலே வந்து, ஊருக்கெல்லாம் பூட்டு மாட்டறீங்க, உங்க வீட்டுக் கதவுக்கு ஒரு வழி பண்ணக்கூடாதா பூட்டுக்காரரே என்று சிரித்தபடிதான் கேட்டார், எனக்குச் சுருக்கென்று இருந்தது. குக்கர் விசில் அடித்தால் அவள் காதைப் பொத்திக்கொள்வாள் இல்லையா, அதே மாதிரி இந்தத் தாழ்ப்பாள் சத்தமும் ஆகவில்லை, எரிச்சலில்தான் போட்டு ஆட்டுகிறாள் என்று நானாகவே முடிவுகட்டினேன். இந்த ஒரு விஷயமாவது நம் தொழிலுக்குள் வந்ததே என்று சந்தோஷம் வேறு. தாழ்ப்பாளைக் கழற்றி அரத்தால் ராவி, உரசுகிற இடத்தில் கம்பளித் துண்டு ஒட்டி, கீல்களுக்கெல்லாம் எண்ணெய் விட்டேன். கதவு வெண்ணெயாகத் திறந்தது. நானே இரண்டு தடவை திறந்து மூடிப் பார்த்து மெச்சிக்கொண்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அதற்கப்புறம்தான் அவள் ஆடாத ஆட்டம் ஆடினாள். கதவில் தலையை முட்டிக்கொண்டாள், பிடிக்கப்போன தங்கையைக் கடித்தாள். அவள் ஆட ஆட, இன்னும் எங்கேயோ சத்தம் மிச்சம் இருக்கிறது போலிருக்கிறது என்று நான் எண்ணெய் விட்டுக்கொண்டே இருந்தேன். பள்ளியில் சிறப்பு வகுப்பு எடுக்கிற டீச்சர் ஒருநாள் சாயங்காலம் வீட்டுக்கே வந்தார், உன்னைவிடச் சின்னப் பெண். தரையில் உட்கார்ந்துகொண்டு நான் எதைச் சொன்னாலும், அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு என்று கேட்டார். ஒண்ணும் நடக்கலம்மா, சும்மா உக்காந்திருந்தவ திடீர்னு ஆரம்பிச்சுடுவா என்றேன். ஒண்ணுமே நடக்காம இருக்காதுங்க ஐயா, நம்ம கண்ணுல படலன்னு வேணா சொல்லலாம் என்றார். அந்த நேரம் பார்த்து உன் தங்கை வேலை முடிந்து வந்தாள், கதவு திறந்த சத்தமே இல்லை, திரும்பிப் பார்த்தால் கூடத்தில் நிற்கிறாள். சில்வண்டு விருட்டென்று எழுந்து ஓடினாள், கதவைத் திறந்து மூடினாள், அதில் காதை வைத்துக் கேட்டாள், மறுபடி திறந்து மூடினாள், பிறகு முட்ட ஆரம்பித்தாள். டீச்சர் தன் உள்ளங்கையை அவள் நெற்றிக்கும் கதவுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு, கதவு எப்பவும் இப்படிச் சத்தமில்லாமதான் இருக்குமா என்று என்னைக் கேட்டார். நான் என் வேலைத்திறமையைச் சொன்னேன். கேட்டுவிட்டு, அவங்க அம்மா ஊருக்குப் போனப்போ இவகிட்ட எப்படிச் சொல்லிட்டுப் போனாங்க என்றார்.

சொல்லிக்கொண்டு போகவில்லையே நீ. அவள் விழித்தால் ரகளையாகிவிடும் என்று நாம் மூன்று பேரும் பேசி வைத்துக்கொண்டோம். முந்தின நாளே அந்தக் கதவுக்கு எண்ணெய் விட்டவன் நான். நீ செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு விடிவதற்குள் படி இறங்கினாய். எழுந்தவள் கட்டிலுக்கு அடியில் பார்த்தாள், குளியலறையில் பார்த்தாள், துணி அலமாரியைத் திறந்துகூடப் பார்த்தாள், நாங்கள் சும்மா நின்றோம். சத்தம் போடாத கதவு வழியாக அம்மா காணாமல் போய்விட்டாள், அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கதவு சத்தம் போடுகிறதா என்றுதான் குழந்தை ஆட்டி ஆட்டிப் பார்த்திருக்கிறாள். அந்தச் சத்தத்தையும் நான் பிடுங்கிக்கொண்டேன். இப்போது எண்ணெயை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, கம்பளியைப் பிய்த்துப் போட்டுவிட்டேன், கதவு பழையபடி லொடக் என்கிறது, கீழ்வீட்டுத் தையல்காரரிடம் போய்ப் பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன், ஆட்டட்டும் விடுங்க, நான் மெஷின் சத்தத்துல இருக்கேன் என்றுவிட்டார்.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதே, ஆகவில்லை. முட்டுவது கொஞ்சம் குறைந்திருக்கிறது, கடிப்பது நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசும்போது அவள் சிணுங்க ஆரம்பித்தால், அம்மா நாளைக்கு வந்துடுவேன்டா கண்ணு என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாய். உன்னை மட்டும் சொல்லவில்லை, நானும் அதையேதான் சொல்கிறேன், உன் தங்கையும் சொல்கிறாள். மறுநாள் காலையில் அவள் நாற்காலியைக் கதவுக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுகிறாள். பள்ளி வேன் வந்து ஹாரன் அடிக்கும், அசைய மாட்டாள், நாங்கள் இரண்டு பேரும் பிய்த்து எடுத்து வேனில் ஏற்ற வேண்டும். பாட்டிலை வீசியதும் அப்படி ஒரு திங்கட்கிழமைதான். நாம் சொல்வதை அப்படியே நம்புகிற பிள்ளையிடம் வாரம் தவறாமல் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

உன்னைக் கிளம்பி வா என்று நான் கூப்பிடவில்லை. ஒப்பந்தம் முடியாமல் வர முடியாது என்று எனக்குத் தெரியும், அவளுக்காகத்தான் போனாய் என்பதும் தெரியும். ஆனால் எனக்கு நம்பிக்கை விட்டுப்போய்க்கொண்டே இருக்கிறது. இதெல்லாம் மாற ரொம்ப நாள் ஆகும், நடுவில் இன்னும் மோசமாகலாம் என்று டீச்சர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். அவள் வளர்கிறாள், என் முழங்கால் தேய்கிறது. எனக்கும் ஒரு வாழ்க்கை இருக்குப்பா என்று உன் தங்கை அழுகிறாள், அவள் சொல்வதில் என்ன தப்பு. அவள் பேச்சைத் தட்ட முடியாமல் அந்த ஹாஸ்டலைப் போய்ப் பார்த்தேன். சுத்தமாக இருக்கிறது, மரங்கள் இருக்கின்றன, பார்த்துக்கொள்கிற அம்மாவும் முகம் சுளிக்காமல் பேசினார். என் கண் போனது கதவுகள் மேல்தான். அறைக்கு அறை தாழ்ப்பாள் வெளிப்பக்கம். ஒன்றைப் போட்டுப் பார்த்தேன், நல்ல வேலைப்பாடு, சத்தமே இல்லை. பேருந்தில் திரும்பி வரும்போது அழுகையை அடக்க முடியவில்லை, பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

சேர்க்கலாம் என்றும் வேண்டாம் என்றும் இன்று என்னால் எழுத முடியவில்லை, என் பலம் எத்தனை நாளைக்கு வரும் என்று எனக்கே தெரியவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை அவளிடம், அம்மா நாளைக்கு வரமாட்டேன் என்று சொல். அப்புறமும் ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் நீ இருக்கிற அறையைச் சொல், ஜன்னலில் என்ன தெரிகிறது என்று சொல், எதைச் சொன்னாலும் நிஜத்தைச் சொல். அவள் கத்துவாள், கையில் கிடைத்ததை உடைப்பாள், என்னைக் கடித்தாலும் கடிப்பாள், நான் பிடித்துக்கொள்கிறேன். நீ வரும்போதும் அவள் கண் முன்னால் வா, மறுபடி போக வேண்டி வந்தால் அவள் விழித்திருக்கும்போது, கதவு அதிர மூடிவிட்டுப் போ. உன் தங்கை உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். இருமலுக்குச் சுடுதண்ணீர் குடி, காதை மூடிக்கொண்டு வெளியே போ. நீ எங்கே இருந்தாலும் உனக்கு ஒரு குறையும் வராது, என் ஆசி எப்போதும் உனக்கு உண்டு. ஞாயிற்றுக்கிழமையை மறந்துவிடாதே. அவள் எவ்வளவு கத்தினாலும், கத்தி முடிக்கிற வரைக்கும் போனை வைத்துவிடாதே அம்மாடி.

இப்படிக்கு,
உன் அப்பா