கண்ணாடியில் பழைய திகதி

மார்ச் 4, 2025. லூயிஷாம், லண்டன்.

ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயம் திரும்பவும் முதலிலிருந்து. மேற்பார்வையாளர் சொன்னது: நீ ஆராயும் கிராமம் எங்கே இருக்கிறது என்பதே பாதி அத்தியாயம் போன பிறகுதான் தெரிகிறது.

சரி. சொல்கிறேன்.

ஓல்ஷினா. செக் நாட்டின் வடகிழக்கு மூலை, போலந்து எல்லைக்குப் பக்கம். பழைய வரைபடத்தில் அது ஒரு மேடு. மேட்டில் கத்தோலிக்கக் கோயில், கோயிலைச் சுற்றி வீடுகள், கீழே வயல், வயலுக்கு அப்பால் ஓடை. பிறகு நிலக்கரி கண்டார்கள். நூறு வருடத்துக்கு மேல் அடியிலிருந்து எடுத்துக்கொண்டே இருந்தார்கள். மேல்நிலம் மெல்ல மெல்ல இறங்கியது. இன்றைய வரைபடத்தில் மேடு இல்லை. அந்த இடத்தில் பள்ளம், பள்ளத்தில் ஏரி, கரையில் சாய்ந்துபோன கோயில். யாரும் வெட்டாத ஏரி. நிலம் தாழ்ந்து தாழ்ந்து தண்ணீர் தானாக வந்து நின்றது. ஓடை மட்டும் பழைய உயரத்தில், இரண்டு பக்கமும் அணை கட்டி, வயலுக்கு மேலே ஓடுகிறது.

தண்ணீர் மேலே. நிலம் கீழே. இதுதான் என் ஆய்வு.

மார்ச் 9. மிச்சம், தெற்கு லண்டன்.

ஞாயிறு பூசைக்குப் பிறகு அம்மா வீட்டில் சாப்பாடு.

"உன்ரை ஓல்ஷினாக் கோயில் இன்னும் சாய்ஞ்சே நிக்குது?"

"ஓம்."

"பூசை நடக்குதோ?"

"மாதத்திலை ஒருக்கா."

"சாய்ஞ்ச கோயிலிலை சுவாமியார் மட்டும் நேர நிண்டு பூசை வைக்கிறாரோ?"

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு மீன் குழம்பை என் பக்கம் தள்ளிக்கொண்டு, "அந்தப் பெடியன் சுகமோ?"

சஞ்சயின் பெயரை அம்மா சொல்வதில்லை. அவனும் நானும் மூன்று வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். கோயம்புத்தூர்க்காரன், கிறிஸ்தவ வேதக்காரன் இல்லை, மீன் சாப்பிடமாட்டான். மூன்றும் அம்மாவுக்கு மனப்பாடம்.

மார்ச் 15.

ப்ளாஷெனாவுடன் தொலைபேசி. ஓல்ஷினாவின் கடைசி வீட்டில் இருப்பவர். என் செக் மொழி அவருக்குப் பகிடி. "நீ ரேடியோவில் செய்தி வாசிப்பதுபோலக் கதைக்கிறாய். மூக்கைச் சிந்திவிட்டுச் சாதாரணமாகப் பேசு."

அறுபத்தாறு வயது. சுரங்கத்து விளக்கறையில் வேலை பார்த்தவர். இறங்குகிறவர்களுக்கு விளக்கைக் கொடுப்பது, ஏறி வந்ததும் திரும்ப வாங்கிக் கொக்கியில் மாட்டுவது. ஒரு கொக்கி வெறுமையாக இருந்தால் விளக்கறையில் யாரும் வீட்டுக்குப் போக மாட்டார்களாம்.

சுரங்கத்துக்கு நான்கு பெயர். முதலில் பிரபுவின் மகள் பெயர். ஜெர்மன்காரர் காலத்தில் வெறும் எண். பிறகு 'சமாதானம்'. கடைசியில் ஒரு கம்பனியின் முதலெழுத்துகள். மூடியபோது பலகையைக் கழற்றக்கூட யாரும் வரவில்லை.

அவருடைய தெருவில் மற்ற வீடுகள் எல்லாம் இடித்தாயிற்று. முற்றத்துப் பழமரங்கள் மட்டும் வரிசையாக நின்று, வீடு இருந்த இடங்களைக் காட்டுகின்றன. நிலத்தின் சொந்தக்காரருக்கு அந்தப் பள்ளம் முழுவதும் வேண்டும். ஆனால் சுவர் அசையாதவரை ப்ளாஷெனாவை வீட்டைவிட்டு எழுப்ப முடியாது. அதைத்தான் கண்ணாடி காட்டும். வெடிப்புக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டி, ஒட்டிய திகதியை அதில் எழுதுவார்கள். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும்; அதைப் பார்க்கச் சொந்தக்காரரின் ஆட்கள் வருவார்கள்.

உடைந்துகொண்டுதான் இருக்கிறது. போன இலையுதிர் காலத்தில் எனக்குக் காட்டினார். அலுமாரியைத் தள்ளி, உடைந்ததைச் சுரண்டி எடுத்து, புதியதை ஒட்டி, அதில் பழைய திகதியை எழுதி, தேயிலைச் சாயம் பூசினார். "சுவர் என்னோடு கதைக்கிறது. அதை ஏன் அவர்களிடம் சொல்ல வேண்டும்?"

அவருக்குக் கண்ணாடி வாங்கி அனுப்பியது நான். மைக்ராஸ்கோப்புக்கு வைக்கும் கண்ணாடி, ஒரு பெட்டி. கிறிஸ்மஸுக்கு முன், மிச்சம் ஊர்த் தபாலகத்தில், அனுப்புநராக அம்மா வீட்டு முகவரியை எழுதிப் போட்டேன்.

யாரிடமும் சொல்லாதே என்றார். சொல்லவில்லை. சஞ்சயைத் தவிர. சஞ்சயும் 'யாரிடமும்' என்பதில் சேர்த்தியா?

ஏப்ரல் 11.

சஞ்சய் இஞ்சினியரிங் கம்பனி வேலை முடிந்து, இல்ஃபோர்டில் வாங்கிய இனிப்புப் பெட்டியோடு வந்தான்.

"ப்ராஜெக்ட் கெடச்சிடுச்சு. நான்தான் லீட்."

"எங்கை?"

"ஈஸ்டர்ன் யூரோப். ஏதோ பழைய இண்டஸ்ட்ரியல் சைட். செம போர். நீ வாயைத் திற."

மைசூர்பாகு. இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

மே 2.

மூன்றாம் அத்தியாயம் முடிந்தது. சஞ்சய் வரைபடங்களைத் திருத்தித் தந்தான். நல்லவன்.

மே 19.

அவன் வேலை விஷயமாகக் கட்டோவிட்சே போகிறான், வெள்ளி வரை. போலந்துதான், ஆனால் ஓல்ஷினாவுக்கு எவ்வளவு பக்கம்! ப்ளாஷெனாவை ஒருக்கால் எட்டிப் பார்த்துவிட்டு வாவேன் என்றேன். போன ஒக்டோபரில் என்னோடு வந்தபோது கூரையில் ஏறி மழைநீர்ப் பீலியில் அடைத்த இலையெல்லாம் அள்ளிக் கொடுத்தான். அவன் இறைச்சி தின்னமாட்டான் என்று அவர் பிளம்ஸ் வைத்து மா உருண்டை அவித்தார். 'இஞ்சினியர்' என்றுதான் கூப்பிடுவார்.

"டைம் இருக்காதும்மா," என்றான். சொக்ஸை மடித்துக்கொண்டே. என்னைப் பார்க்காமல்.

மே 28.

ப்ளாஷெனா தானாகவே அழைப்பு எடுத்தார். நான்தான் வழக்கமாக எடுப்பது.

போன வாரம் ஆட்கள் வந்திருக்கிறார்கள். முன்பு வருகிறவர்கள் அல்ல. வணக்கம் சொன்னார்கள், செருப்பைக் கழற்றினார்கள், நேரே படுக்கையறைக்குப் போய் அலுமாரியை நகர்த்தினார்கள். கண்ணாடியைப் பெயர்த்து, பின்பக்கத்துப் பசையை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்கள். பிறகு குசினி, அடுப்புக்குப் பின்சுவர். பிறகு மாடிப்படி.

"அவர்கள் தேடவில்லை," என்றார். "நேரே போனார்கள். நீ யாரிடம் சொன்னாய்?"

"ஒருவரிடமும் இல்லை."

நினைக்கும் முன்பே வாய் சொல்லிவிட்டது.

மறுபக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். பிறகு, "விளக்கறையில் நாங்கள் சத்தம் போட மாட்டோம். கொக்கிகளைப் பார்ப்போம். எது வெறுமை என்று. நீயும் பார்."

வைத்துவிட்டார்.

பார்த்தேன். பார்க்க என்ன இருக்கிறது? எனக்கு ஒரே ஒரு கொக்கி.

அதே நாள்.

சஞ்சய் தோசைக்கல்லைக் கழுவிக்கொண்டு நின்றான்.

"கட்டோவிட்சேயிலை வேலை எண்டாய்."

"அங்கதான் ஹோட்டல்."

"ஹோட்டல்."

"ஆமா. சைட் ஓல்ஷினா. சொல்லணும்னுதான் நெனச்சேன் றொசி."

"கண்ணாடியை நீயோ காட்டிக் குடுத்தது?"

"நான் அந்த வீட்டுக்குள்ள போகவே இல்ல. அந்த ரீடிங்கை நம்ப முடியாது, அலமாரிக்குப் பின்னாடி செக் பண்ணுங்கன்னு டீம்கிட்ட சொன்னேன். அவ்வளவுதான்."

"நான் உனக்குச் சொன்னது என்ரை மனுசன் எண்டு நினைச்சு. உன்ரை கம்பனிக்குச் சொல்லேல்லை."

"ஒரு நாள் அந்தச் சுவர் அவங்க தலையில விழும். அப்ப நீ என்ன பண்ணுவ? தீசிஸ்ல ஒரு அடிக்குறிப்பு போடுவியா?"

 

"எனக்கு முதலே சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா நீ அவங்ககிட்ட சொல்லியிருப்ப."

"ஓம்."

"அதான்."

குழாயை மூடினான். கையைத் துடைத்தான். எனக்கு அந்த நேரம் வாயில் வந்தது: "அவ உனக்கெண்டு பிளம்ஸ் உருண்டை அவிச்சவ."

முட்டாள்தனம். அதைத்தான் சொன்னேன்.

"எனக்கும் அவங்கள புடிக்கும். கூரையில ஏறினப்பவே பாத்தேன், சுவர் சரியில்லன்னு. புடிச்சதாலதான் பண்ணேன்."

பிடித்ததால் அந்த ஆட்கள். பிடித்ததால் 'நான்தான் லீட்'. பிடித்ததால் மைசூர்பாகு. முகம் காட்ட ஏலாமல் ஹோட்டலில் இருந்ததும் பிடித்ததாலோ? நான் தின்னேக்கை பாத்துக்கொண்டு நிண்டவன். சிரிச்சுக்கொண்டு நிண்டவன்.

ஜூன் 1. மிச்சம்.

டிராமில், சூட்கேஸை முழங்கால்களுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு. அம்மா கதவைத் திறந்தார். சூட்கேஸைப் பார்த்தார். "சோறு கிடக்கு," என்றார்.

ஜூன் 3.

ப்ளாஷெனாவுக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன்: அன்று பொய் சொன்னேன். சஞ்சயிடம் சொல்லியிருந்தேன். இஞ்சினியரிடம்.

இரண்டு நீலக் குறிகள்; வாசித்துவிட்டார். பதில் இல்லை.

ஜூன் 14.

ஓல்ஷினாவில் நிலம் எவ்வளவு இறங்கியது என்பதைக் கோயில் சுவரில் பதித்த ஓர் உயரக்குறியை வைத்துத்தான் அளந்து வந்தார்கள். கோயில் கல்லால் கட்டியது, அசையாது என்ற நம்பிக்கை. அந்தக் கோயிலும் கூடவே இறங்கிக்கொண்டிருந்தது. வருடக்கணக்காக எல்லா அளவும் குறைவு. பிறகு சுரங்கம் எட்டாத தூரத்து மலையிலிருந்து அளந்தபோதுதான் பிடிபட்டது.

நானே எழுதியது. நாற்பத்தோராம் அடிக்குறிப்பு.

அம்மாவின் கோபத்தை, மேற்பார்வையாளரின் சிரிப்பை, என் புத்தியையே நான் எதிலிருந்து அளந்தேன்? அவன் என்ன சொல்வான் என்பதிலிருந்து.

ஜூலை 8.

சஞ்சயிடமிருந்து ஒரு செய்தி. வார்த்தை இல்லை. ப்ளாஷெனா வீட்டு வடக்குச் சுவரின் புதிய அளவுகள் மட்டும்.

அசைகிறது. நான் நினைத்ததைவிட வேகமாக. அவன் சொன்னது சரி.

அவன் சரியாக இருப்பதும் எனக்குச் செய்ததும் ஒன்றை ஒன்று அழிக்கவில்லை. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. நான் அனுப்பிய கண்ணாடிப் பெட்டியும் அங்கேதான் இருக்கிறது. அதையும் எழுதி வைக்கிறேன்.

ஜூலை 30.

மழை இல்லை. லண்டன் களிமண் சுருங்குகிறது. அம்மா வீட்டில் என் அறைச் சுவரில் ஜன்னல் மூலையிலிருந்து ஒரு வெடிப்பு. அம்மா மாடிக்கூடத்து இயேசுவின் திருஇருதயப் படத்தைக் கொண்டுவந்து அதன்மேல் மாட்டியிருக்கிறார்.

"அம்மா, சுவர் வெடிச்சிருக்கு."

"தெரியும். அதுதான் அவரை மாட்டினனான்."

ஓகஸ்ட் 23.

சஞ்சயின் அழைப்பை எடுத்துவிட்டேன். எடுத்திருக்கக் கூடாது.

"ப்ளாஷெனாவுக்கு டவுன்ல நல்ல ஃப்ளாட் கெடச்சிருக்கு றொசி. நாலாவது மாடி. லிஃப்ட் இருக்கு. நானே பேசி வாங்கிக் கொடுத்தேன்."

"கதைச்சவவோ உன்னோடை?"

"இல்ல. எங்கிட்ட பேசல."

பிறகு அவன் குரல் இறங்கியது. தோசைக்கு இரண்டு பேருக்கு மா கரைத்துவிடுகிறானாம், இன்னும். என் சிவப்புக் குடையை அப்படியே கதவுக்குப் பின்னால் வைத்திருக்கிறானாம். "பழையபடி இருக்கலாம்ல? மார்ச்ல இருந்த மாதிரி?"

எனக்கு அழுகை வந்தது உண்மை. அந்தக் குடை ஏன் வந்தது இதற்குள்?

மார்ச்சில் இருந்த மாதிரி. புதுக் கண்ணாடி, பழைய திகதி, மேலே கொஞ்சம் தேயிலைச் சாயம்.

"ஏலாது சஞ்சய்," என்றேன்.

செப்டம்பர் 20. மிச்சம்.

தபாலில் ஒரு பொதி. செக் முத்திரை. கிறிஸ்மஸுக்கு நான் எழுதிய அனுப்புநர் முகவரி, இப்போது பெறுநர் பக்கத்தில்.

உள்ளே கண்ணாடிப் பெட்டி. அவர் பாவிக்காமல் மிச்சம் வைத்தவை, ஒன்றுகூட உடையாமல், செய்தித்தாளில் சுற்றி. ஒவ்வொரு தாளையும் விரித்துப் பார்த்தேன். ஒரு தாளில் பாதி நிரப்பிய குறுக்கெழுத்து. அவர் கையெழுத்து. கடிதம் இல்லை.

"என்ன தேடுறாய்?" அம்மா.

"ஒண்டுமில்லை."

பெட்டியைக் கையில் எடுத்தேன். பிறகு மேலே போய்ப் படத்தைக் கழற்றினேன். வெடிப்பு ஜூலையில் பார்த்ததைவிட நீளம். அதற்குக் குறுக்கே ஒரு கண்ணாடியை வைத்து, இரண்டு முனையிலும் பசை தடவி, காயும்வரை விரலால் அழுத்திப் பிடித்தேன்.

அம்மா பின்னால் வந்து நின்றார். படத்தைக் கட்டிலிலிருந்து எடுத்து, தூசியைச் சேலைத் தலைப்பால் துடைத்தார்.

"இவரை இனி எங்கை மாட்டுறது?"

"கூடத்திலை, முந்தி இருந்த இடத்திலை."

"உது உடைஞ்சா?"

"உடைஞ்சதெண்டு தெரியும்."

பேனையைத் தேடி எடுத்தார், மேசையிலிருந்து. என்னிடம் நீட்டினார்.

இன்றைய திகதியை எழுதினேன்.