குளிர் அறையை மூடிய காரணம்

புதுச்சேரி

அன்புள்ள அப்பாவுக்கு,

தமயந்தியின் வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? தென்காசியில் மழை உண்டா? போனில் உங்களுக்குக் காது சரியாகக் கேட்பதில்லை என்பதால் எழுதுகிறேன். நான் நலம்.

தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் மீன் விற்கும் பெண்களுக்காக எங்கள் தொண்டு நிறுவனம் கட்டிய குளிர் அறையை நேற்று மூடிவிட்டார்கள். ஆறு மாதத்தில் ஒரு கூடை மீன்கூட உள்ளே போகவில்லை.

மாலை ஐந்து மணிக்கு அறையைப் பூட்டுவதாகத் திட்டம். கட்டுவதற்கு முன்பே, அங்கே மீன் விற்கும் தனக்கொடி அக்கா என்னிடம் சொன்னார்: "அஞ்சு மணிக்கே பூட்டிட்டா எங்களுக்கு எதுக்கும்மா அது? மிச்ச மீனோட நாங்க திரும்பி வர ஏழு மணியாவுது."

மேலாளர் ராஜவேல் சாரிடம் சொன்னேன். "தொறப்பு விழாவுக்குத் தேதி குறிச்சாச்சு. இப்ப எதையும் மாத்த முடியாது" என்றார். அதன்பின் நான் வாய் திறக்கவில்லை. மாதாமாதம் அறிக்கையில் 'பணி திட்டப்படி நடக்கிறது' என்றே எழுதினேன்.

இப்போது தோல்விக்குக் காரணம் சொல்லி அறிக்கை எழுத வேண்டும். "பொம்பளைங்க ஒத்துழைக்கலன்னு எழுதிடு" என்கிறார் சார். நேற்று தனக்கொடி அக்கா கேட்டார்: "அன்னிக்கே சொன்னனே, நீ யாருகிட்டயும் சொல்லலியா?"

கவலைப்படாதீர்கள். முடிந்தால் எலுமிச்சை ஊறுகாய் அனுப்புங்கள். தனியாகச் சாப்பிட உட்கார்ந்தால் சோறு இறங்குவதில்லை. பதிலை உங்கள் கையாலேயே எழுதுங்கள், நாலு வரி போதும்.

அக்கா சொன்னதையும் நான் சும்மா இருந்ததையும் அப்படியே எழுதி, அறிக்கையைக் காலையில் அனுப்பிவிட்டேன். போன் அடிக்கிறது. ராஜவேல் சார்தான். படித்துவிட்டார் போலிருக்கிறது.

உங்கள் மகள்,
தமயந்தி