நான் அணைக்கச் சொன்ன வண்டி

என்னங்க,

இருபத்தேழு வருஷமாக உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். காகிதத்தில் எழுதும்போதும் வேறு வார்த்தை வரவில்லை.

வருகிற மாசம் உங்களுக்கு வருஷத் திதி. வலங்கைமான் கார் ஸ்டாண்டில் உங்களோடு வண்டி ஓட்டியவர்கள் சேர்ந்து ஒரு நினைவு மலர் போடுகிறார்கள். "அண்ணன் வண்டியை எப்படி வச்சிருந்தார்னு நாலு வரி எழுதிக் கொடுங்க அண்ணி" என்று வந்து கேட்டார்கள். நீங்கள் எப்படி வைத்திருந்தீர்கள் என்பது அவர்களுக்கே தெரியும். நான் எப்படி வைத்திருந்தேன் என்பதுதான் தெரியாது. அதை எழுதுகிறேன். நான் ஐந்தாவது வரை படித்தவள். பிழை இருந்தால் நம் மகள் செல்வி திருத்துவாள்.

பதினோரு வருஷம் ஓடியும் அந்த இன்ஜினை நீங்கள் பிரித்ததில்லை. காலையில் தண்ணீரும் ஆயிலும் பார்க்காமல் சாவி போட மாட்டீர்கள். அறுவடைச் சமயத்தில் ரோட்டில் நெல் காயும்போது, தூசியும் பதரும் அடைத்துக்கொள்ளும் என்று ஏர் பில்டரை வாரம் ஒரு தடவை கழற்றித் தட்டுவீர்கள். திருச்சி ஏர்போர்ட்டிலிருந்து ஒரே மிதியாக வந்து வாசலில் நிறுத்தினாலும் உடனே அணைக்க மாட்டீர்கள். இரண்டு நிமிஷம் இன்ஜினை ஓடவிட்டு, ஸ்டியரிங்கில் கை வைத்துச் சும்மா உட்கார்ந்திருப்பீர்கள்.

எதிர்வீட்டு மல்லிகா அக்கா, "என்னடி, உன் வீட்டுக்காரரை ஆரத்தி எடுத்துத்தான் இறக்கணுமா?" என்று கேலி செய்யும். எனக்கும் ஒருநாள் கோபம் வந்து, வீட்டுக்குள் வர அவ்வளவு கசக்கிறதா என்று கேட்டேன். நீங்கள் சிரித்தீர்கள்.

"இன்ஜினோட இருக்கிற டர்போவுக்குள்ள ஒரு காத்தாடி சுத்துது கோமு. பேய் வேகம், நெருப்புச் சூடு. ஆயில் ஓடுற வரைக்கும்தான் அதுக்கு உயிரு. வந்த சூட்டோட அணைச்சா ஆயில் நின்ன இடத்துலயே கருகிடும்."

அதனால் எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது. நீங்களே சொல்லியிருக்கிறீர்கள்.

நீங்கள் போனபிறகு துரைராஜ் அண்ணன்தான் வண்டியை எடுத்தார். பதினைந்து வருஷம் ஸ்டாண்டில் உங்கள் பக்கத்திலேயே நின்றவர், உங்களை மாதிரியேதான் ஓட்டினார். வாசலில் வந்து நின்று, இரண்டு நிமிஷம் இன்ஜினை ஓடவிட்டார். அங்கேதான் வந்தது வினை. அந்தச் சத்தம் கேட்டதும் நான் எழுந்து அடுப்பில் தோசைக்கல்லைப் போட்டுவிட்டேன். கல் காய்ந்து புகைகிறது, மாவுக் கரண்டி கையில் இருக்கிறது. அப்புறம்தான் உறைத்தது. முதல் நாள் அப்படி. மறுநாளும் அப்படி. நான்காவது நாள் வாசலுக்குப் போய், "இனிமே வந்ததும் அணைச்சிடுங்க" என்றேன்.

"வேணாம் அண்ணி, டர்போ போயிடும்" என்றார்.

"வண்டி என்னுது" என்றேன்.

காரணத்தைச் சொல்லியிருந்தால் அவர் புரிந்துகொண்டிருப்பார். மதகுப் பக்கம் நிறுத்தி ஆறவைத்துவிட்டு வந்திருப்பார். சொல்ல வெட்கமாக இருந்தது. பேரன் எடுக்கிற வயசில், புருஷன் வந்துவிட்டதாக நினைத்து எழுந்து ஓடுகிறேன் என்று எப்படிச் சொல்வது? நம் வீடோ கும்பகோணம் ரோட்டின் மேலேயே இருக்கிறது. மெதுவாக உருட்டிக்கொண்டு வர ஒரு தெருகூடக் கிடையாது. வந்த வேகத்தில் பிரேக், பிரேக் போட்டதும் சாவி. அப்படியே ஏழெட்டு மாசம்.

அவர் இன்னொரு வழியும் சொன்னார். "அப்படின்னா ஆயிலையாவது சீக்கிரமா மாத்திடுவோம் அண்ணி." அதற்கும் நான் ஒப்பவில்லை. பானெட்டுக்குள் நீங்கள் கம்பியில் கட்டிவிட்ட அட்டை தொங்கியதே, அடுத்த ஆயில் எத்தனையாவது கிலோமீட்டரில் என்று உங்கள் கையால் எழுதியது. ஆயில் மாற்றினால் அதை அறுத்துவிட்டு வேறு அட்டை கட்டுவார்கள். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டேன். நீங்கள் எழுதிய நம்பரைத் தாண்டி வண்டி ஓடிக்கொண்டே இருந்தது. டர்போவில் விசில் சத்தம் கூடுகிறது, ஆயில் குறைகிறது என்று அவர் இரண்டு தடவை சொன்னார். கேட்காதவள் மாதிரி உள்ளே போய்விட்டேன்.

பங்குனியில் ஒருநாள், இறந்துபோன தாயாரின் முகம் பார்க்கத் துபாயிலிருந்து வந்த ஒருவரை ஏற்றிக்கொண்டு வரும்போது, தஞ்சாவூர் பைபாஸில் வண்டி நீலப் புகையாகக் கக்கி இழுக்காமல் நின்றுவிட்டது. வந்தவர் வேறு வண்டி பிடித்து நேராகச் சுடுகாட்டுக்குத்தான் போய்ச் சேர்ந்தார். முகம் பார்த்தார். ஆனால் வீட்டில் வைத்துப் பார்க்கவில்லை.

மறுநாள் அவர் அண்ணன்மார் நம் வாசலில் வந்து நின்றார்கள். ஸ்டாண்டு ஆட்களும் கூடிவிட்டார்கள். வண்டியை இப்படியா வைத்திருப்பீர்கள் என்று கேட்டார்கள். துரைராஜ் அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். நான் சொல்வேன் என்றுதான் பார்த்தார்.

நான், "அவருகிட்ட நம்பிக் கொடுத்தேன். இன்ஜினைக் காய்ச்சி ஓட்டிட்டார்" என்றேன்.

அவர் சாவியை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு நடந்து போனார். கும்பகோணத்தில் டர்போவைப் பிரித்த மெக்கானிக், கருகிய ஆயில் கரியாக அடைத்திருப்பதைக் காட்டி, கடைசியாக ஆயில் எப்போது மாற்றியது என்று கேட்டார். வண்டியை அனுப்புமுன் நான் அவிழ்த்தெடுத்த உங்கள் அட்டை அப்போது என் கைப்பைக்குள் இருந்தது. தெரியவில்லை என்று சொன்னேன்.

இன்ஜினைத் தின்றவர் என்று பெயர் ஆகிவிட்டதால், அதற்குப் பிறகு யாரும் அவருக்கு வண்டி கொடுக்கவில்லை. இப்போது கொள்முதல் நிலையத்தில் நெல் மூட்டைக்கு வாய் தைக்கிறார். வேறு டர்போ போட்டு வாங்கிய நம் வண்டி, ஓட்ட ஆளில்லாமல் வாசலில் நிற்கிறது.

போன வாரம் அவரைப் பார்க்கப் போனேன். மூட்டைகளுக்கு நடுவில் நின்று, தப்பு என்னுடையதுதான் என்று எல்லாவற்றையும் சொன்னேன், தோசைக்கல் உட்பட. கோணி ஊசியைக் கீழே வைக்காமல் கேட்டார்.

"என்கிட்ட சொல்லி என்ன அண்ணி பிரயோஜனம்? எனக்குத்தான் தெரியுமே."

அடுத்த மூட்டையை இழுத்துக்கொண்டார். நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? என்னைத் திட்டியிருப்பீர்களா? திட்டாமல் சாப்பாட்டை நகர்த்தி வைத்திருப்பீர்கள். அது இன்னும் மோசம்.

இதைப் படித்துவிட்டுச் செல்வி பேனாவை மூடிவிட்டாள். "அம்மா, இதை மலர்ல போட்டா ஊரே படிக்கும்" என்றாள். ஊர் படிக்கத்தான் எழுதினேன் என்றேன். "அப்பா பேரு?" என்றாள். அப்பா பெயருக்கு ஒன்றும் ஆகாது, உன் அம்மா பெயருக்குத்தான் ஆகும் என்றேன். அழுதுகொண்டே பிழை திருத்துகிறாள்.

அச்சில் வந்தால் மட்டும் போதாது. ஸ்டாண்டில் பாதிப் பேர் உங்கள் படத்தைப் பார்த்துவிட்டு மலரை மடித்து வைத்துவிடுவார்கள். அதனால் உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். திதியன்று காலையில், மலர் கொடுப்பதற்கு முன்னால், அத்தனை டிரைவர்களும் நிற்கிற இடத்தில் நின்று இதை நானே வாசிப்பேன். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன், நேரமாகும், நிற்கட்டும். துரைராஜ் அண்ணன் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, அவர் பெயர் வருகிற இடத்தில் குரலைத் தாழ்த்த மாட்டேன். திரும்பி வந்து வண்டியை எடுங்கள் என்றும் கேட்க மாட்டேன். அதைக் கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

உங்களுக்கு வாழ்க்கைப்பட்டவள்,
கோமதி