வீட்டில் இருக்கிறவர்

மார்ச் 4, செவ்வாய்

இன்று ஆலோசகரைப் பார்த்தாயிற்று. பி.ஆர்., அதாவது இந்த நாட்டில் நிரந்தரமாகத் தங்கி வேலை பார்க்கும் உரிமை, கேட்டு விண்ணப்பிக்கிறவர்களுக்கு வழி சொல்வதுதான் அவர் தொழில். என் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, “கொஞ்சம் இடிக்குது” என்றார். வயது, படிப்பு, அனுபவம், மொழி, எல்லாவற்றுக்கும் மதிப்பெண் உண்டு. எனக்குக் குறைவதை நிரப்ப வேலையில் மேல்நிலைச் சான்றிதழ் வாங்க வேண்டும். மொழித் தேர்வில் பேச்சுப் பகுதியில் இன்னும் ஒரு படி ஏற வேண்டும். அதுவும் ஜூலைக்குள். ஜூலை ஒன்பது எனக்கு நாற்பதாவது பிறந்தநாள். நாற்பது ஆனால் வயதுக்கான மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவார்களாம். நல்ல பிறந்தநாள் பரிசு!

“வீட்டுக்காரர் எப்படி?” என்று கேட்டார். “அவர் வீட்டில் இருக்கிறார்” என்றேன். தலையாட்டிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனார்.

அடுத்த வருடம் விசா முடிகிறது. இனி நீட்டிக்க முடியாது. பி.ஆர். வராவிட்டால் மூன்று பேரும் மூட்டை கட்ட வேண்டியதுதான். மகள் இந்த ஊர்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. ஆனால் எனக்குப் பயம் இல்லை. நான் உட்கார்ந்து எழுதிய எந்தப் பரீட்சை என்னைக் கைவிட்டது?

இரவு இவரிடம் சொன்னேன். பீன்ஸ் நறுக்கிக்கொண்டே, “நானும் அந்தப் பரீட்சையை எழுதட்டுமா?” என்றார்.

“ரெண்டு பேரும் எழுத என்ன பந்தயமா நடக்குது? நீங்க வீட்டைப் பாத்துக்குங்க, போதும்.”

மறுபடி பீன்ஸுக்குத் திரும்பிவிட்டார்.

மார்ச் 29, சனி

மேல்நிலைச் சான்றிதழ் கையில். சொன்னேனா இல்லையா?

ஏப்ரல் 3, வியாழன்

பால் வாங்கப் போனவர் ஒரு மணி நேரம் கழித்து வந்தார். மேல்மாடிக்காரர் காயப்போட்ட துணியிலிருந்து கீழ்வீட்டுப் பாட்டியின் பூந்தொட்டிகளில் சோப்புத் தண்ணீர் சொட்டுகிறதாம். நடுவில் நின்று பஞ்சாயத்து பண்ணி, இருவரையும் சிரிக்க வைத்து, கொடியை ஓரமாக நகர்த்திக் கட்டிக் கொடுத்துவிட்டு வருகிறார். பாலை மறந்துவிட்டார்.

இதனால்தான் வீட்டில் இவருக்கு எம்.எல்.ஏ. என்று பெயர். மகள் வைத்தது. தெருவில் யாருடைய நாய்க்கு உடம்பு சரியில்லை, பள்ளிக்கூடக் காவல்காரர் மகளுக்கு எப்போது கல்யாணம், எல்லாம் இவருக்குத் தெரியும். ஊரில் மூக்குக்கண்ணாடிக் கடையில் பதினைந்து வருடம் விற்பனையில் நின்ற வாய். என் விசாவைப் பிடித்துக்கொண்டு வந்ததால் இங்கே வேலை பார்க்க அனுமதி இல்லை. வாய்க்கு மட்டும் தடை போட முடியுமா?

நான் சொந்தக்காசில் பயிற்சிப் புத்தகம் வாங்கிப் படிக்கிறேன். இவர் தேர்வாளராக நடிக்கிறார். நான் பதில் சொல்லும்போது ஒருமுறை, “ஏம்மா, என்கிட்ட பேசு. சுவத்துகிட்ட இல்ல” என்றார். கோபம் வந்தது. சொல்லவில்லை.

ஏப்ரல் 26, சனி

தேர்வு முடிந்தது. பிரமாதம். ஒரு வார்த்தைகூடத் தடுக்கவில்லை. தேர்வாளர் அம்மா கேட்டதையெல்லாம் அப்படியே வாங்கி, தெளிவாகத் திருப்பிச் சொல்லி, அதன் பிறகே பதிலுக்குப் போனேன். நேரம்தான் போதவில்லை. பாதியில் மணி அடித்துவிட்டது. பரவாயில்லை, சொன்னவரைக்கும் சுத்தம்.

மே 11, ஞாயிறு

பேச்சில் போச்சு. பழைய மதிப்பெண்ணேதான். ஒரு படிகூட ஏறவில்லை.

மே 12, திங்கள்

என்ன தப்பு பண்ணேன் நான்? ராத்திரியெல்லாம் இதே யோசனை.

காலையில் வேலையில்தான் புரிந்தது. ஆஸ்பத்திரியில் எங்கள் வேலை ஆபரேஷன் கருவிகளைக் கழுவி, ஆவியில் வேகவைத்து, ட்ரேயில் அடுக்கித் தியேட்டருக்கு அனுப்புவது. அங்கிருந்து போன் வரும். “வயிற்று ஆபரேஷன் ட்ரே ஒன்று, சின்ன இடுக்கி கூடுதல்.” அதை வார்த்தை பிசகாமல் திருப்பிச் சொன்ன பிறகுதான் எதையும் தொட வேண்டும். சொல்லாமல் தொட்டால் திட்டு விழும். ஒரு இடுக்கி மாறினால் உள்ளே படுத்திருப்பவர் பாடு என்னாவது? இன்று போனை வைத்த பிறகு என் குரலே காதில் நின்றது — சீச்சீ! பரீட்சையிலும் இதைத்தானே பண்ணேன்! “உங்களுக்குப் பிடித்த இடம் எது, ஏன்?” என்று அந்த அம்மா கேட்க, “எனக்குப் பிடித்த இடம் எது, ஏன்” என்று நான் ஒப்பிக்க, அவர் தலையாட்ட, பிறகே பதில். ஒவ்வொரு கேள்விக்கும்! நேரம் அதிலேயே கரைந்துவிட்டது. பாவம், எனக்குக் காது மந்தம் என்று நினைத்திருப்பார்.

மறுபடி எழுத மூன்று மாதம் பொறுக்க வேண்டும். அதற்குள் நாற்பது வந்துவிடும். கண்ணெதிரே கதவை மூடின மாதிரி இருக்கு. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வெளியே வந்தால் இவர் டீயை நீட்டினார். அதுக்கும் ஒரு அழுகை.

மே 14, புதன்

ஆலோசகரிடம் போனேன். “நேற்று உங்களைக் கூப்பிட்டேன், எடுக்கல. இன்னொரு நம்பர் குடுத்திருந்தீங்களே, உங்க பக்கத்து வீட்டுக்காரர், அவர்கிட்ட பேசினேன். நல்ல மனுஷன், இந்த ஊர் பாஷையை அப்படிப் பேசறார், இந்த ஊர்க்காரர்தானே?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. “எந்தப் பக்கத்து வீட்டுக்காரர்?”

“அதாங்க, நீங்க வேலைக்குப் போயிருக்கீங்கன்னு சொன்னாரே. அரை மணி நேரம் பேசினோம். எனக்கு மூக்குக்கண்ணாடி எந்த ஃபிரேம் பொருந்தும்னுகூடச் சொன்னார்.”

“அது என் வீட்டுக்காரர்.”

ஆலோசகர் பேனாவைக் கீழே வைத்தார். “இவ்வளவு பேசறவரா? துணைவர் மொழித் தேர்வு எழுதினா அதுக்கும் மதிப்பெண் உண்டும்மா. நான் முதல் நாளே கேட்டேன். வீட்டில் இருக்கிறார்னு சொல்லிட்டீங்க.”

பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

இவரிடம் எப்படிக் கேட்பது? வேணாம்னு சொன்னவளே நான்தானே. சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். ‘அன்னிக்கே கேட்டேனே’ என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. “எப்ப எழுதணும்?” என்றார், அவ்வளவுதான். அதற்கு அவர் கத்தியிருந்தாலே தேவலை.

மே 20, செவ்வாய்

சொல்லிக்கொடுக்கிறேன் என்றேன். “வேணாம் தாயே. அப்புறம் நானும் கேள்வியைத் திருப்பிச் சொல்லுவேன்” என்கிறார். மகள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். சிரிக்கட்டும். எழுத்துப் பகுதியில் இவர் கொஞ்சம் சோடை. அதை மட்டும் பிடிவாதமாக உட்கார வைத்துப் பார்த்துவிட்டேன்.

ஜூன் 1, ஞாயிறு

தேர்வு நடக்கும் கட்டிடத்துக்கு எதிரே ஒரு பெஞ்சு. நானும் மகளும் உட்கார்ந்திருந்தோம். என் பரீட்சைக்குக்கூட நான் இத்தனை தடவை கடிகாரம் பார்த்ததில்லை. நானே உள்ளே இருந்தால் எதையாவது பிடித்து இழுக்கலாம். வெளியே உட்கார்ந்திருப்பது இவ்வளவு கஷ்டமா? இவர் இந்த நாட்டில் வருடக்கணக்காக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார் என்று அந்த பெஞ்சில்தான் உறைத்தது.

இவர் சாவகாசமாக வந்தார். “நீங்கள் தீர்த்து வைத்த ஒரு பிரச்சினையைச் சொல்லுங்கள்” என்று கேட்டார்களாம். சோப்புத் தண்ணீர் சொட்டிய கதையைச் சொன்னாராம். “மணி அடிச்சப்புறமும் அந்தப் பாட்டிக்கு என்னாச்சுன்னு தேர்வாளர் கேட்டார்” என்றார்.

ஜூன் 17, செவ்வாய்

இவர் பேச்சில் என்னைவிட இரண்டு படி மேலே. எனக்குக் குறைந்த மதிப்பெண் நிரம்பி, மேலே கொஞ்சம் மிச்சமும் இருக்கிறது. எம்.எல்.ஏ. தன் பாட்டுக்குப் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டார். நான்தான் ஆஸ்பத்திரி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஜூன் 27, வெள்ளி

விண்ணப்பம் போய்விட்டது. முப்பத்தொன்பது வயதுக்காரியாக.

ஜூலை 9, புதன்

நாற்பது. இனி எவ்வளவு வேண்டுமானாலும் ஆகட்டும்.

ஜனவரி 15, வியாழன்

வந்துவிட்டது. மூன்று பேருக்கும். மகள், “அப்போ என் ஸ்கூல் இதேதானா?” என்றாள். இதேதான் என்றேன். கையை விடாமல் பிடித்துக்கொண்டே சாப்பிட்டாள்.

பிப்ரவரி 9, திங்கள்

எனக்கு இன்று விடுப்பு. சாதம் குழைந்துவிட்டது. பீன்ஸ் நறுக்க இவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியாது.

காலையிலிருந்து மூன்று முறை மணி அடித்துவிட்டது. எல்லாரும் எம்.எல்.ஏ.வைத் தேடித்தான். கடைசியாகக் கீழ்வீட்டுப் பாட்டி, கையில் பூந்தொட்டியோடு. “அவர் வீட்டில் இருக்கிறாரா?”

“இல்லை. கண்ணாடிக் கடையில். இன்றுதான் முதல் நாள். அவர் வேலைக்குப் போயிருக்கிறார்.”

பாட்டி தலையாட்டினார். சரியாகவே காதில் விழுந்திருக்கிறது. இருந்தாலும் நான் இன்னொரு தடவை சொன்னேன்.

“அவர் வேலைக்குப் போயிருக்கிறார்.”